அன்னிக்கும் வசனமா?

அவளை ஸ்டுடியோவில் எல்லோரும் குரல்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். தொடர்களில் வாயசைக்கும் பெண்களுக்கு இருட்டு அறைக்குள் நின்று இவள் பேசுவாள். நாத்தனாராக மிரட்டுவாள், நோயாளியாக முனகுவாள், பிணத்தின் மேல் விழுந்து கதறுவாள். கதறி முடித்த கையோடு, "டீ வந்துச்சா?" என்று கேட்பாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது. எத்தனை அழுகை, எத்தனை ஒப்பாரி! எல்லாம் தொண்டையோடு சரி. அப்பேர்ப்பட்டவளுக்கு வக்கீலம்மாவின் மேஜைக்கு முன்னால் வாயடைத்துப் போயிருந்தது.

மேஜை மேல் கிடந்த செல்போனிலிருந்து வந்துகொண்டிருந்தது அவளுடைய குரலேதான்.

"நீ மட்டும் பொறக்காம இருந்திருந்தா நான் என்னிக்கோ நிம்மதியா போயிருப்பேன்டி! என் உயிரை வாங்கறதுக்குன்னே வந்து பொறந்த சனியனே!"

பின்னால் ஒரு குழந்தையின் அழுகை. மறுபடி இவள் குரல், இன்னும் ஏதேதோ. வக்கீலம்மா போனை அணைத்தார்.

குடும்பக் கோர்ட்டு வழக்குகளிலேயே தலை நரைத்தவர் அவர். கட்சிக்காரர்கள் அழ ஆரம்பித்தால் டிஷ்யூ பெட்டியை அவர்கள் பக்கம் தள்ளிவிட்டு, அழுது முடிக்கும்வரை பென்சில் சீவிக்கொண்டிருப்பார். மேஜையில் ஒரு டம்ளர் நிறையக் கூரான பென்சில்கள் இருந்தன.

"உன் வீட்டுக்காரர் தரப்புலேருந்து வந்திருக்கு. பொண்ணை அவர்கிட்டயே விடணும்னு கேக்கறதுக்கு இதுதான் ஆதாரமாம்."

அவள் வீட்டுக்காரரும் அதே ஸ்டுடியோவில்தான் வேலை. ஒலிப்பதிவாளர். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று இவள் பேசுவாள், அந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் பதிவு செய்வார். பதிவு தொடங்குமுன் உதட்டில் விரல் வைத்து "ஷ்" என்பார். டீ கொண்டு வருகிறவரிலிருந்து முதலாளி வரை அந்த "ஷ்"ஷுக்கு அப்படியே நின்றுவிட வேண்டும். காதல், கல்யாணம் எல்லாம் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் நடந்தது. கண்ணாடி இல்லாமல் ஒரே வீட்டில் இருக்கத்தான் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவர் பேசவே மாட்டார். இவள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். கடைசியில் அவர் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

பிரிந்துவிடலாம் என்பதில் இரண்டு பேருக்கும் சண்டையே இல்லை. சண்டையெல்லாம் வீட்டுக்கும் மகளுக்கும்தான். இரண்டு பேர் சம்பளத்திலும் கடன் கட்டி, இரண்டு பேர் பெயரிலும் வாங்கிய வீடு. போன மாதம் அவருடைய வக்கீல் ஒரு சமரசம் சொல்லி அனுப்பியிருந்தார். வீடு முழுக்க அவளுக்கே; பெண் அவருக்கு. "செங்கல்லைக் கொடுத்துப் பொண்ணை வாங்கலாம்னு பாக்கறாரா? போய் வேற வேலையைப் பாக்கச் சொல்லுங்க" என்று இவள் எகிறினாள். அதற்குப் பதில்தான் இந்தப் பதிவு.

"ஏம்மா, உன்னைத்தான் கேக்கறேன். இது நீ பேசினதா, இல்ல ஏதாவது தொடருக்குப் பேசின வசனமா?"

கேள்வி நியாயமான கேள்விதான். வக்கீலம்மா எந்தக் குயுக்தியும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் குரல்காரியின் பிழைப்பு அப்படி. திரையில் உதடு அசைந்துவிட்டால் அது மூடுவதற்குள் பேசியாக வேண்டும். யோசித்துக்கொண்டு நின்றால் காட்சி ஓடிவிடும். வருஷக்கணக்கான பழக்கம். மனசு விழித்துக்கொள்வதற்குள் வாய் பேசிவிட்டது.

"வசனம்தான் மேடம். வீட்ல ஒத்திகை பாத்தேன். பாப்பா பக்கத்துல இருந்தா, பயந்து அழுதுட்டா."

"நெஜமா?"

"நெஜமா."

வக்கீலம்மா அவளை மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

"சரி, அப்படியே பிரமாணப் பத்திரத்துல போட்டுடறேன். ஆனா ஒண்ணு. இந்த ஜட்ஜு சும்மா விடற ஆள் இல்ல. 'எங்க, அதே மாதிரி இங்க பேசிக் காட்டு'ன்னாலும் சொல்லுவார். தயாரா வா."

படியிறங்கும்போதே அந்த நாள் அவள் கண்முன் வந்து நின்றது. அது வசனமா? மண்ணாங்கட்டி. அன்றைக்குக் காலையில் அவளுக்கு முக்கியமான பதிவு இருந்தது. வாசலில் நின்று பையைத் துழாவினால் சாவிக்கொத்தைக் காணோம். வீட்டையே தலைகீழாகப் புரட்டிப் போட்டுவிட்டாள். ஸ்டுடியோவிலிருந்து போன் மேல் போன். கடைசியில் அரிசி டப்பாவுக்குள் கிடந்தது சாவி. ஒளித்து வைத்தது எட்டு வயது மகள், வீட்டில் எல்லோரும் வாலு என்று கூப்பிடும் அந்தக் குட்டி. அம்மா இன்றைக்கு ஒரு நாளாவது வீட்டில் இருக்கட்டும் என்று அது செய்த தந்திரம். அதற்குள் அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விட்டது. இவளுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு வெறி வந்ததோ, வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டிவிட்டாள். கொட்டிவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவளும் அழுதாள். வீட்டுக்காரர் அப்போது இன்னும் அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கவில்லை; அவர் வீட்டில் இருந்தார் என்பதே அவள் நினைப்பில் இல்லை.

தான் பெற்ற மகளைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. அதற்கப்புறம் அவள் நிம்மதியாகச் சாப்பிட்டதும் இல்லை, தூங்கியதும் இல்லை. இப்போது அந்த வார்த்தைக்காகவே மகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் வேறு.

விசாரணைக்கு முந்தின நாள் மாலை, குளியலறைக் கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அவள் ஒத்திகை பார்த்தாள். நடக்காத ஒத்திகைக்கு ஒத்திகை. கூத்துதான் போங்கள்! "நீ மட்டும் பொறக்காம இருந்திருந்தா..." முதல் தடவை குரல் எழும்பவில்லை. அடுத்த தடவை எழும்பியது. பிறகு தொழில் கைகொடுத்தது. ஏற்ற இறக்கம், மூச்சு, பல்லைக் கடிப்பது எல்லாம் பதிவில் இருந்த மாதிரியே வந்துவிட்டன. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாள். கண் காய்ந்து கிடந்தது.

மறுநாள் காலை, கோர்ட்டு முடிந்ததும் பள்ளிக்கு அனுப்பலாமென்று வாலுவின் பள்ளிப் பைக்குள் சாப்பாட்டு டப்பாவை வைக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே ஒரு புத்தகம்கூட இல்லை. இரண்டு கவுன், ஒரு துண்டு, பல் துலக்கும் பிரஷ், காது கிழிந்த துணி முயல்.

"என்னடி இது?"

வாலு ஷூவின் நாடாவைக் கட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள். "நேத்து பாத்ரூம்ல திரும்பவும் அதையே சொன்னியே. நான் போயிட்டா நீ நிம்மதியா இருப்பேன்னு."

குரல்காரிக்குக் காதோடு சேர்த்து யாரோ அறைந்த மாதிரி இருந்தது. மண்டியிட்டு உட்கார்ந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, என் தங்கமே, அது வசனம்டி. கோர்ட்டுல பேசிக் காட்டச் சொல்லுவாங்க. அதுக்குத்தான் பேசிப் பாத்தேன்."

வாலு நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கும் வசனமா?"

அந்த இடத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். ஆனால் இன்னும் கொஞ்ச நேரத்தில் கோர்ட்டில் இருக்க வேண்டும். குழந்தையையும் ஜட்ஜு கூப்பிட்டு விசாரிப்பார்.

"ஆமாடா கண்ணு. அன்னிக்கும் வசனம்தான்."

வாலு அவள் கண்ணை உற்றுப் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டு, பையை மூடி முதுகில் மாட்டிக்கொண்டாள். எவ்வளவு சொல்லியும் அந்தத் துணிகளை வெளியே எடுக்க விடவில்லை.

குடும்பக் கோர்ட்டில் வழக்கமான கூண்டெல்லாம் கிடையாது. நீதிபதியின் அறையில் ஒரு நீள மேஜை. இந்தப் பக்கம் இவளும் வக்கீலம்மாவும், அந்தப் பக்கம் அவரும் அவருடைய வக்கீலும். நீதிபதிக்கு ஜலதோஷம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே காகிதங்களைப் புரட்டினார். வாலு வெளியே குழந்தைகள் அறையில், ஆலோசகர் அம்மாவோடு இருந்தாள்.

"அந்தப் பதிவைப் போடுங்க."

ஒலிப்பதிவாளர் எழுந்து, கைப்பையிலிருந்து ஒரு ஸ்பீக்கரை எடுத்து மேஜையின் நடுவில் வைத்தார். போனிலேயே போட்டிருக்கலாம். மனுஷனுக்கு மனசு கேட்காது. ஒரு வார்த்தைகூடத் தேய்ந்து கேட்கக் கூடாது. ஒயரைச் செருகி, ஒலியளவைச் சரிபார்த்து, பின்னால் தள்ளி உட்கார்ந்தார்.

"நீ மட்டும் பொறக்காம இருந்திருந்தா..."

அந்த நல்ல ஸ்பீக்கரில் அறை முழுக்க அவள் குரல் நிறைந்தது. நீதிபதியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வக்கீலம்மாவின் போனில் கேட்டபோது தன் குரலைத் தவிர எதுவும் அவள் காதில் ஏறவில்லை. இப்போது வேறு சிலதும் கேட்டன. வாலுவின் அழுகை முதலில் எட்டத்தில் இருந்தது. பிறகு அது கிட்டே வந்தது. இன்னும் கிட்டே. மைக்கின் பக்கத்திலேயே வந்து விம்மியது. அப்போது மெல்லிசாக ஒரு "ஷ்". அழுகை கத்தரித்த மாதிரி நின்றுபோயிற்று. அதற்கப்புறம் அவள் குரல் மட்டும், சுத்தமாக, துல்லியமாக.

எத்தனை ஆயிரம் முறை கேட்ட "ஷ்" அது! குழந்தை பயந்து அப்பாவிடம் ஓடியிருக்கிறது. அவர் அதைத் தூக்கவில்லை, அணைக்கவில்லை. பதிவு கெட்டுவிடக் கூடாதென்று வாயை மூடச் சொல்லியிருக்கிறார். அதை வெட்டி எறியவும் அவருக்குத் தோன்றவில்லை. சொல்லிச் சொல்லிப் பழகிய "ஷ்" அவர் காதில் விழுவதே இல்லை.

"குழந்தையைப் பார்த்துட்டு வரேன்" என்று நீதிபதி எழுந்து போனார்.

அவள் வக்கீலம்மாவின் காதோடு எல்லாவற்றையும் கொட்டினாள். வக்கீலம்மாவின் முகம் மாறியது.

"வெறும் ஒத்திகையை அவர் எதுக்குக் குழந்தையை அடக்கிட்டுப் பதிவு பண்ணணும்? அப்போ அது ஒத்திகை இல்லையா?"

அவள் தலை குனிந்தாள்.

"அடிப்பாவி. என்னைப் பொய்ப் பத்திரம் போட வெச்சுட்டியே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார் வக்கீலம்மா. "அந்த 'ஷ்'ஷைப் பத்தி வாயைத் திறந்தியோ, பேசினது நெஜம்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி. புரியுதா? உள்ளே குழந்தை என்ன சொல்லுதோ. அது வர்ற வரைக்கும் மூச்சு விடாதே."

மேஜைக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் வெற்றிக் களை எதுவும் இல்லை. அவரும் தூங்கி நாளாயிற்று போலத்தான் இருந்தார். சுவரில் மின்விசிறி கடகடத்தது.

நீதிபதி திரும்பி வந்தார். உட்கார்ந்தார். மூக்கைத் துடைத்தார். அதற்கே ஒரு யுகம் எடுத்துக்கொண்டார்.

"குழந்தை தெளிவா சொல்றா. அம்மா வசனம் பேசினாங்க, எனக்குத் தெரியும், நான்தான் புரியாம அழுதேன்னு. அம்மாகிட்டயே இருக்கேன்னும் சொல்றா. குழந்தையே இப்படிச் சொன்னப்புறம் இந்தப் பதிவை நான் ஆதாரமா எடுத்துக்க முடியாது."

வக்கீலம்மா பெருமூச்சு விட்டு, மேஜைக்கடியில் இவள் கையை அழுத்தினார். எதிர்த்தரப்பு வக்கீலின் முகத்தில் ஈயாடவில்லை. அவ்வளவுதான், முடிந்தது. இவள் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், மகளும் இவளுக்குத்தான்.

சும்மா உட்கார முடியவில்லை. நான்தான் புரியாம அழுதேன் என்று இவள் சொல்லிக்கொடுக்கவே இல்லையே! அதை அந்தக் குட்டியே சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஊரில் உள்ளவளுக்கெல்லாம் இவள் குரல் கொடுத்தாள். இன்றைக்கு இவளுக்கு இவள் மகள் குரல் கொடுத்திருக்கிறாள். பழியையும் தன் தலையில் போட்டுக்கொண்டு.

"ஐயா" என்று எழுந்தாள். வக்கீலம்மா புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். இவள் உட்காரவில்லை.

"அது வசனம் இல்லீங்க. நான் சொன்னேன். என் பொண்ணைப் பாத்து, நானேதான் சொன்னேன். பயத்துல என் வக்கீலம்மாகிட்டயும் பொய் சொன்னேன், அவங்களுக்கு எதுவும் தெரியாது. இன்னிக்குக் காலையில குழந்தைகிட்டயும் பொய் சொன்னேன். அவ என்னைக் காப்பாத்தறா. எட்டு வயசுக் குழந்தை என்னைக் காப்பாத்தக் கூடாதுங்க."

ஒலிப்பதிவாளர் ஒயரைக் கையில் வைத்தபடி அவளையே பார்த்தார்.

"இது என்னன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?" என்றார் நீதிபதி. "இதுக்கப்புறம் குழந்தையை நான் உங்ககிட்ட விடுவேன்னு என்ன நிச்சயம்?"

"நிச்சயம் ஒண்ணும் இல்லீங்க." குரல் உடைந்தது. எத்தனையோ பேருக்காக உடைத்துக் காட்டிய குரல், இப்போது தானாகவே உடைந்தது. "ஆனா அந்தப் பதிவை இன்னொரு தடவை போடச் சொல்லுங்க. என் குரலைக் கேக்காதீங்க. குழந்தை அழறதை மட்டும் கேளுங்க."

போட்டார்கள். அழுகை எட்டத்தில் இருந்தது. கிட்டே வந்தது. "ஷ்". நின்றது.

நீதிபதி மறுபடியும் போடச் சொன்னார். இந்த முறை அந்த "ஷ்"ஷுக்காகவே காத்திருந்தார்கள். ஊசி விழுந்த மாதிரி அது எல்லோர் காதிலும் விழுந்தது. நீதிபதி ஒலிப்பதிவாளரின் பக்கம் திரும்பினார்.

"இது யாரு?"

ஒலிப்பதிவாளர் ஸ்பீக்கரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் சத்தத்தை அவரும் இப்போதுதான் கேட்டிருக்க வேண்டும்.

"நான்தாங்க."

"குழந்தை அழுதுட்டு உங்ககிட்ட ஓடி வந்திருக்கு. நீங்க என்ன பண்ணீங்க?"

அவரிடமிருந்து வந்த பதில் இவ்வளவுதான். "ரெக்கார்டிங் ஓடிட்டிருந்ததுங்க."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. ஒயரை மேஜையில் வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அவருடைய வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நீதிபதி கையமர்த்தினார்.

அதற்கப்புறம் நீதிபதி இரண்டு பேரையும் வாங்கு வாங்கென்று வாங்கினார். பொய்ப் பத்திரத்துக்கு எழுத்தில் விளக்கம் கேட்டார். தண்டம் உண்டென்றும் சொன்னார். வீட்டுப் பங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதுவரை யாரும் அதை விற்கவோ கைமாற்றவோ கூடாது. குழந்தை இப்போதைக்கு அம்மாவிடம். ஆலோசகரிடம் அம்மா, அப்பா இரண்டு பேரும் தவறாமல் போக வேண்டும்; அப்பா குழந்தையைப் பார்ப்பது அந்த ஆலோசகர் முன்னிலையில்தான். "அவரோட அறிக்கையைப் பாத்துட்டுத்தான் கடைசி முடிவு" என்று மூக்கை உறிஞ்சினார்.

வராந்தாவில் வக்கீலம்மா அவளை நிறுத்தினார்.

"உனக்காக வாதாட வந்தேன். நீயே எல்லாத்தையும் பேசிட்டே. பீஸையும் நீயே வாங்கிக்கோ" என்றார். பிறகு, "எனக்கு வந்த கோபத்துக்கு உன்னை..." என்று ஆரம்பித்து, முடிக்காமல், அவள் கன்னத்தைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் போனார். அவர் ஒரு கட்சிக்காரருக்குக் கண்ணீர் துடைத்து யாரும் பார்த்ததில்லை.

குழந்தைகள் அறையிலிருந்து வாலு முதுகில் பையோடு வந்தாள். இரண்டு பேரும் தெருவில் இறங்கி, பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தார்கள். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. குரல்காரி பெஞ்சில் உட்கார்ந்து மகளை எதிரே நிறுத்திக்கொண்டாள்.

"வாலு, காலையில அம்மா உங்கிட்டப் பொய் சொன்னேன். அன்னிக்கு... அன்னிக்கு வசனம் இல்லடா. நெஜமாத்தான் சொன்னேன். சொல்லவே கூடாத வார்த்தை அது. சாவிக்காக வந்த கோபம். நீ இல்லன்னா அம்மாவுக்கு நிம்மதியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"வசனம் இல்லேன்னு. வசனம் பேசறப்போ நீ என்ன கத்தினாலும் கண்ணுல தண்ணியே வராது. அன்னிக்கு வந்துச்சு."

"அப்புறம் ஏன்டி அந்த ஐயாகிட்ட அப்படிச் சொன்னே?"

"நீதானே காலையில அப்படிச் சொன்னே" என்றாள் வாலு.

இதற்கு எந்தத் தொடரிலும் அவளுக்கு வசனம் எழுதித் தந்ததில்லை. மகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி, வாய்விட்டு, அசிங்கமாக, மூக்கு ஒழுக அழுதாள். வாலு கழுத்தைப் பின்னால் இழுத்து, அம்மாவின் கண்ணை விரலால் தொட்டு, விரலைப் பார்த்தாள். ஈரமாக இருந்தது.

தூரத்தில் பஸ் திரும்புவது தெரிந்தது. வாலு முதுகிலிருந்த பையைக் கழற்றி அம்மாவின் மடியில் வைத்தாள்.

"ரொம்ப கனக்குது. நீ தூக்கிட்டு வா."